புது சிடி பிளேயர் வாங்கும் முன்

வீட்டு ஸ்டீரியோவின் ஓசை திருப்தி தராவிட்டால் பலரும் முதலில் மாற்ற நினைப்பது சிடி பிளேயரைத்தான். அந்தப் பணம் ஸ்பீக்கருக்குப் போவதே நியாயம். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்து 1982இல் சந்தைக்கு வந்த சிடியில், ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு 16 பிட் எண்களாகப் பதிவாகிறது. சிறு கீறல் விழுந்தாலும் பிழைதிருத்தும் முறை அந்த எண்களை மீட்டுவிடும். ஆகவே, பழுதில்லாத மலிவு பிளேயரும் லட்ச ரூபாய் பிளேயரும் படிப்பது ஒரே எண்களைத்தான். அவற்றை மின்னலையாக மாற்றும் டிஏசி சிப்பில் வேறுபாடு உண்டு. ஆனால் இன்றைய சாதாரண சிப்பின் பிழைகூட ஸ்பீக்கரின் பிழையைவிட மிகக் குறைவு.

“புது பிளேயரில் பாட்டு துலக்கமாகக் கேட்கிறதே” என்பார்கள். கேட்பது பொய்யல்ல. வெளியீட்டு மின்னழுத்தம் சற்றே கூடினாலும், அந்தச் சிறு கூடுதலைக் காது சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது, தெளிவு என்றே எடுத்துக்கொள்ளும். வோல்ட் மீட்டரால் இரு பிளேயர்களின் வெளியீட்டையும் சமப்படுத்தி, எது ஓடுகிறதென்று தெரியாமல் கேட்டால் அந்தத் துலக்கம் பெரும்பாலும் மறைந்துவிடும். மேயர், மோரன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) என்ற உயர்தரத் தட்டின் ஒலியைச் சிடி தரத்துக்கு இறக்கியபோதும், இயல்பான ஒலியளவில் கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. பழைய பிளேயர் தட்டைப் படிக்கத் திணறினால் தயங்காமல் மாற்றுங்கள். இல்லையென்றால், முதலில் ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்திக் கேட்டுப் பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை.