இரைச்சலை அடக்கும் காதுக்கருவி: பயனும் குறையும்

தறியில் நெய்வோருக்கும் நிலத்தில் விளைவிப்போருக்கும் கையும் காலும் கண்ணும் தொழிலின் முதல் என்பதை யாவரும் ஒப்புவர். செவியும் அவ்வாறே ஒரு முதல் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கண்ணில் தூசி விழுந்தால் அப்போதே உறுத்துகிறது. செவியின் தேய்வோ வலியின்றி, ஆண்டுக் கணக்கில், அறியாமலே நடந்தேறுகிறது. இரைச்சலால் கெட்ட செவியை மீட்டுத் தரும் மருந்து இன்றளவும் இல்லை. ஆகவே, செவியைக் காப்பதாகச் சொல்லப்படும் எந்தக் கருவியையும் நாம் தீர ஆராய்ந்தே கைக்கொள்ள வேண்டும்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவின் கரையிலே அமைந்த பெரியபட்டினம், தென்னந்தோப்புகளும் மீன்பிடித் தொழிலும் உடைய ஊர். பாயும் துடுப்பும் கொண்டு செல்லப்பட்ட வள்ளங்களில் இன்று எஞ்சின் அதிர்கிறது. தோப்பு வேலைக்கு டீசல் பம்பும் புல் வெட்டும் இயந்திரமும் வந்துவிட்டன. இதே மாவட்டத்துப் பரமக்குடியிலும் எமனேஸ்வரத்திலும் கைத்தறியின் அளவான ஓசை கேட்கிறது. அண்டை மாவட்டங்களின் விசைத்தறிக் கூடங்களிலோ பேச்சே கேட்பதில்லை. இந்நிலையில், வளைகுடா நாடுகளுக்குச் சென்று திரும்புவோர் கொண்டுவரும் பொருள்களில் ஒன்றாக, சுற்றுப்புறச் சத்தத்தை நீக்கும் ஹெட்போனும் இப்பக்கங்களில் காணப்படுகிறது. “இதை அணிந்து எஞ்சின் அருகிலும் தறி அருகிலும் வேலை செய்தால் செவிக்குக் காப்பாகாதா?” என்ற கேள்வி எழுவது இயல்பே. விடை காண்பதற்கு முன் அக்கருவி இயங்கும் முறையை அறிதல் நலம்.

கருவி இயங்கும் முறை

கடற்கரையில் நிற்போர் இருபுறமிருந்து வரும் அலைகள் ஒன்றையொன்று சந்திப்பதைக் கண்டிருப்பர். ஒன்றின் முகடும் மற்றொன்றின் முகடும் கூடினால் நீர் மேலும் உயர்கிறது. ஒன்றின் முகட்டுடன் மற்றொன்றின் பள்ளம் சேர்ந்தால் இரண்டும் அடங்கி, அவ்விடத்து நீர் ஒரு கணம் சமமாகிறது. ஒலியும் காற்றில் பரவும் அலையே. காற்று நெருங்குவது அதன் முகடு. விலகுவது அதன் பள்ளம்.

இந்த ஹெட்போனின் வெளிப்புறத்தில் நுண்ணிய மைக் ஒன்று உள்ளது. அது வரும் இரைச்சலைக் கேட்டு, உள்ளே இருக்கும் மின்சுற்றுக்குத் தெரிவிக்கிறது. மின்சுற்று அந்த அலைக்கு நேர் எதிரான அலையை, அதாவது முகட்டுக்குப் பள்ளமும் பள்ளத்துக்கு முகடும் கொண்ட அலையை, உருவாக்குகிறது. ஒலிபெருக்கி அதனைக் காதுக்குள் செலுத்த, இரண்டும் மோதி அடங்குகின்றன. பல கருவிகளில் காதின் பக்கமாக இன்னொரு மைக்கும் இருந்து, எஞ்சிய இரைச்சலை அளந்து பிழையைத் திருத்துகிறது. ஆக, இது இரைச்சலைத் தடுக்கும் சுவர் அன்று. இரைச்சலுக்கு எதிராக இன்னோர் ஒலியை ஏவும் உபாயம்.

இவ்வுபாயத்துக்கு ஜெர்மானியரான பவுல் லூக் என்பவர் 1933 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை கோரி, 1936 இல் அமெரிக்கக் காப்புரிமையையும் பெற்றார். அக்காலத்து மின்கருவிகளின் வேகம் அதற்குப் போதவில்லை. ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் போராடி அமெரிக்காவில் குடியேறிய வங்காளி ஒருவரின் புதல்வரான அமர் கோபால் போஸ் (1929–2013), 1978 இல் ஜூரிக் நகரிலிருந்து விமானத்தில் திரும்புகையில், எஞ்சின் இரைச்சலில் இசை கேட்க இயலாமற்போகவே, பயணத்தின்போதே இதற்குரிய கணக்குகளைப் போடத் தொடங்கினார். அவரது நிறுவனம் 1989 இல் விமானிகளுக்கான கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விமானத்தின் இடைவிடாத உறுமலுக்காகப் பிறந்த கருவி இது என்பதை அங்கத்தினர்கள் நினைவில் இருத்த வேண்டும்.

எந்த இரைச்சலை அடக்கும்? எதை அடக்காது?

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. எஞ்சினின் உறுமலைப் போல நொடிக்கு 100 முறை அதிரும் ஒலியில் ஓர் அலையின் நீளம் 3.4 மீட்டர்; அது முற்றுப்பெற நொடியில் நூறில் ஒரு பங்கு நேரமாகிறது. எதிர் அலையைத் தயாரிக்கக் கருவிக்கு இந்த அவகாசம் தாராளம். நொடிக்கு 4,000 முறை அதிரும் கீச்சொலிக்கோ அலையின் நீளம் எட்டரை சென்டிமீட்டரே. அது நாலாயிரத்தில் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. இங்கே எதிர் அலை இம்மியளவு பிந்தினாலும் முகட்டுடன் முகடு சேர்ந்து, குறைய வேண்டிய சத்தம் கூடவும் கூடும். எனவே இக்கருவிகள் தாழ்ந்த, ஒரே சீரான ஒலியையே நன்கு அடக்குகின்றன. ஏறத்தாழ 1,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியைக் குறைப்பது பெரும்பாலும் காதைச் சுற்றி மூடும் மெத்தைதான்.

பேருந்தின் உறுமல், விமானத்தின் இரைச்சல், தூரத்து டீசல் பம்பின் முழக்கம் ஆகியவற்றுக்கு இது ஏற்றது. பயணத்தில் பாட்டை உரக்க வைக்கத் தேவையில்லாமல் செய்வதும் செவிக்கு நன்மையே. விசைத்தறியின் கதை வேறு. நாடாவை அடித்துத் தள்ளும் கோலும், அது மறுபுறப் பெட்டியில் மோதி நிற்பதும், நொடிக்கு நொடி திடீரென எழும் கூரிய அடிகள். செவிக்குத் தீங்கான உயர்ந்த ஒலிகளும் அவற்றில் மிகுதி. இக்கருவி எங்கே வலுவிழக்கிறதோ அங்கேதான் தறியின் ஆபத்து இருக்கிறது.

குறைகள்

முதலாவது, பொய்யான நம்பிக்கை. உறுமல் அடங்கியவுடன் அமைதி வந்துவிட்டதாக மனம் எண்ணுகிறது. தீங்கு செய்யும் பகுதியோ உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. கடைகளில் விற்கும் ஹெட்போன்களில் பெரும்பாலானவை தொழிலிடப் பாதுகாப்புச் சாதனமாகச் சோதிக்கப்பட்டவை அல்ல.

இரண்டாவது, எச்சரிக்கை கேளாமை. எஞ்சினின் கோளாற்றையும், தறியில் ஏதோ பிசகியதையும் ஓசையின் மாறுதலைக் கொண்டே தொழிலாளி முதலில் அறிகிறார். அந்த ஓசையையே அழித்துவிட்டால் கோளாறு விபத்தாக முற்றலாம். சாலையைக் கடப்போர்க்கும் இதே அபாயம் உண்டு.

மூன்றாவது, காற்று. கடற்கரைக் காற்று மைக்கின் மீது மோதும்போது அதுவே புதிய இரைச்சலாக உள்ளே நுழைகிறது. உப்புக் காற்றும் வியர்வையும் மின்பாகங்களுக்குப் பகை.

நான்காவது, மின்கலம். அது தீர்ந்தால் எதிர் அலை இல்லை. சில ஆண்டுகளில் மின்கலம் நலிந்தபின் மாற்றுவது எளிதன்று. சிலருக்குக் காதில் அழுத்தம் போன்ற உணர்ச்சியும் தலைசுற்றலும் உண்டாகின்றன. அமைதியான இடத்தில் மெல்லிய சீறல் ஒலியும் கேட்பதுண்டு. இத்தனைக்கும் விலையோ ஆயிரக்கணக்கான ரூபாய்.

தறி இரைச்சலும் செவிக் கேடும்

இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் நெசவுத் தொழிலாளர் ஒருவர் உதட்டசைவை மற்றவர் பார்த்தே பேசிப் பழகினர். வங்காளத்துச் சணலை நெய்த ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் வில்லியம் டெய்லரும் அவருடைய துணைவர்களும் பெண் நெசவாளர்களின் செவிகளைச் சோதித்து, 1965 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆண்டுகள் ஏற ஏறக் கேட்கும் திறன் குறைந்ததையும், முதல் 10 அல்லது 15 ஆண்டுகளில் 4,000 அதிர்வின் அருகே கேடு வேகமாக நேர்ந்ததையும் அவ்வாராய்ச்சி காட்டிற்று.

உள்செவியில் சுமார் 15,000 உணர்மயிர்க் கலங்கள் உள்ளன. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உயர்ந்த ஒலிகளை உணர்பவையே முதலில் கெடுகின்றன. அதனால் ‘பசி’ என்பதும் ‘பதி’ என்பதும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. “குரல் கேட்கிறது, சொல் விளங்கவில்லை” என்று முதிய நெசவாளர் கூறுவதன் காரணம் இதுவே.

1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தை ஒட்டிய விதிகள், 90 டெசிபல் இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணி நேரமும், 100 டெசிபலில் 2 மணி நேரமும் என வரம்பு வகுத்தன. உலக சுகாதார நிறுவனம் கேட்டு மகிழும் ஒலிக்கே 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று எல்லை காட்டுகிறது. டெசிபல் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. சட்டம் தொழிற்சாலை என்று கொள்வதற்கு ஆள்தொகை வரம்பு உண்டு. வீட்டோடு சேர்ந்த சிறு தறிக் கூடங்கள் பெரும்பாலும் அதற்குப் புறம்பாகவே நின்றுவிடுகின்றன. அங்கே காவலாக நிற்க வேண்டியது கூட்டுறவுச் சங்கமே.

சங்கங்கள் செய்யத்தக்கவை

கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அவ்விடம் செவிக்கு ஆகாது என்று கொள்க. காதில் பஞ்சைத் திணித்தால் போதும் என்பது தவறு. அது தடுப்பது மிகச் சொற்பம். நுரைப்பஞ்சு அடைப்பான் சில ரூபாய்க்கும், காதை மூடும் தொழிலிட உறை சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கின்றன. மின்கலம் வேண்டாத இவை, கூரிய உயர்ந்த ஒலிகளை நன்றாகத் தடுக்கின்றன. உறைகளை வாங்கும்போது ஐ.எஸ். 9167 என்னும் இந்தியத் தர அளவைக்கு ஒத்தவையா என்று கேட்க வேண்டும்.

அடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். வேலை நேரம் முழுவதும் அணிவது முக்கியம். பாதி நேரம் கழற்றி வைத்தால், எத்தனை சிறந்த அடைப்பானாயினும் மொத்தப் பயன் 3 டெசிபலுக்கு மேல் போகாது.

இவற்றை மொத்தமாகக் கொள்முதல் செய்து அடக்க விலைக்கு வழங்குவது நூல் வழங்கும் சங்கத்துக்குப் பெரிய காரியமன்று. தேய்ந்த பாகங்களை மாற்றுவது, உரிய காலத்தில் எண்ணெய் இடுவது, தறியின் அடியில் ரப்பர் தாங்கி வைப்பது ஆகியவை இரைச்சலைப் பிறக்கும் இடத்திலேயே குறைக்கும். ஆண்டுக்கொரு முறை அரசு மருத்துவமனையில் செவிச் சோதனைக்கு அங்கத்தினர்களை அனுப்புவதும் பொதுச்சபையில் எடுத்துப் பேசத்தக்கது.

விலை மிகுந்த ஹெட்போன் பயணத்துக்கு நல்ல துணை. தறிக்கும் எஞ்சினுக்கும் அது காவல் அன்று. வாங்கும் வசதியுடையோர் வாங்கிப் பயன்பெறட்டும். கூடத்துக்குள் நுழையும்போது மட்டும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, சில ரூபாய் அடைப்பானை அணிந்து செல்க. நாடா இழைத்த புடவையை விற்றுப் பணமாக்கலாம். நாடா பறித்த செவியை எந்தப் பணத்தாலும் வாங்க இயலாது.