சுரங்கத்தில் கிடைக்காத உலோகம்
டிராம்பேயில் பிறந்த கதை

கோலாரில் தங்கம் தோண்டினார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டுகிறார்கள். சேலம் கஞ்சமலையில் இரும்புத் தாது இருக்கிறது. ஆனால் புளூட்டோனியம் என்ற உலோகத்துக்குச் சுரங்கம் கிடையாது. தோண்டி எடுக்கும் அளவுக்கு அது பூமியில் எங்கும் இல்லை. மனிதன்தான் அதைச் செய்ய வேண்டும்.

இந்தியாவில் அதை முதலில் செய்த இடம், செம்பூரைத் தாண்டி இருக்கும் டிராம்பே.

செம்பூரிலும் மான்கூர்டிலும் குடியிருக்கும் தமிழர்களுக்கு பாபா அணு ஆராய்ச்சி நிலையம் பக்கத்து வீடு மாதிரி. அங்கே வேலை பார்க்கிறவர்களும் நம்மில் உண்டு. ஆனால் அந்த மதிலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், "அணுகுண்டு செய்கிறார்கள்" என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. விஷயம் அவ்வளவு சுருக்கமானது அல்ல.

94-வது தனிமம்

இயற்கையில் தாராளமாகக் கிடைக்கும் தனிமங்களில் மிகவும் கனமானது யுரேனியம். அதன் எண் 92. அதற்கும் மேலே போக முடியுமா என்று அமெரிக்காவில் பெர்க்லி நகர விஞ்ஞானிகள் முயன்றார்கள். கிளென் சீபோர்க்கும் அவரது கூட்டாளிகளும் 1940-ம் ஆண்டு கடைசியிலும் 1941-ம் ஆண்டு தொடக்கத்திலும் 94-வது தனிமத்தை உண்டாக்கிக் கண்டுபிடித்தார்கள். புளூட்டோவின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

பிறந்து 5 ஆண்டுகூட ஆகவில்லை. 1945-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந்தேதி அது ஜப்பானின் நாகசாகி நகரத்தின் மீது விழுந்தது. அந்தக் குண்டில் இருந்த புளூட்டோனியம் சுமார் 6 கிலோதான். அளவில் ஒரு சாத்துக்குடிப் பழம். இங்கே மொசம்பி என்கிறோமே, அதுதான்.

ஒரே பெயர், வேறு வேறு எடை

புளூட்டோனியம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் பல வகை உண்டு. இவற்றை ஐசோடோப்புகள் என்கிறார்கள்.

ஒரே பெயருள்ள எக்ஸ்பிரஸ் ஒரு நாள் 18 பெட்டிகளோடு போகிறது. இன்னொரு நாள் 20 பெட்டிகளோடு போகிறது. பெயரும் தடமும் ஒன்றுதான். எடைதான் வேறு. அதுபோல எல்லாப் புளூட்டோனியத்துக்கும் கருவில் 94 புரோட்டான்கள் உண்டு. நியூட்ரான்கள் மட்டும் கூடும், குறையும். இரண்டையும் கூட்டி வருவதே பெயருக்குப் பின்னால் போடும் எண்.

எண் மாறினால் ஆயுளும் மாறும். கதிர்வீச்சுப் பொருளில் பாதி அழிந்து வேறொன்றாக மாறுவதற்கு ஆகும் காலத்தை அரை ஆயுள் என்பார்கள். புளூட்டோனியம் 238-க்கு அது 87.7 ஆண்டு. 239-க்கு 24 ஆயிரத்து 110 ஆண்டு. 240-க்கு ஏறத்தாழ 6 ஆயிரத்து 560 ஆண்டு. 241-க்கு 14 ஆண்டுதான்.

கல்லணை கட்டி ஏறத்தாழ 2 ஆயிரம் ஆண்டு ஆகிறது என்கிறோம். அதைப்போல 12 மடங்கு காலம் போனால்தான் புளூட்டோனியம் 239-ல் பாதி கரையும்.

தோசைக் கல்லும் அணு உலையும்

டிராம்பேயில் கனடா நாட்டின் உதவியோடு கட்டிய சைரஸ் அணு உலை 1960-ம் ஆண்டு ஜூலை 10-ந்தேதி இயங்கத் தொடங்கியது. அதற்குக் கனநீர் கொடுத்தது அமெரிக்கா. உலைக்குள் யுரேனியக் கோல்கள் இருக்கும். அதில் உள்ள யுரேனியம் 238 ஒரு நியூட்ரானை விழுங்கினால், சில நாட்களில் புளூட்டோனியம் 239 ஆகிவிடும்.

அந்தக் கோலைக் கரைத்துப் புளூட்டோனியத்தைத் தனியே பிரிக்கும் ஆலையை டிராம்பேயில் நம் நாட்டுப் பொறியாளர்களே அமைத்தார்கள். ஹோமி சேத்னா அந்தப் பணிக்குத் தலைமை வகித்தார். 1965-ம் ஆண்டு ஜனவரியில் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி வந்து அதைத் திறந்து வைத்தார்.

தோசையை எப்போது கல்லில் இருந்து எடுக்கிறோம் என்பதில்தான் பக்குவம் இருக்கிறது. கோலும் அப்படித்தான். சீக்கிரம் எடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் 239. அது குண்டுக்கு ஏற்றது. நீண்ட நாள் உலையிலேயே விட்டால் 240, 241 ஆகியவை சேர்ந்துகொள்ளும். 240 தானாகவே பிளந்து நியூட்ரான்களை வீசும் குணம் உள்ளது. அதனால் குண்டு செய்வது கடினமாகும். மின்சாரம் எடுப்பதற்கு அது பெரிய தடை இல்லை.

1974-ம் ஆண்டு மே 18-ந்தேதி ராஜஸ்தானில் பொக்ரான் பாலைவனத்தில் வெடித்தது சைரஸ் உலையில் பிறந்த புளூட்டோனியம். அதன் பிறகு கனடா நமக்குத் தந்துவந்த அணுசக்தி உதவியை நிறுத்தியது. அந்தச் சோதனையில் முன்நின்றவர்களில் திருவனந்தபுரத்தில் பிறந்த பி.கே.அய்யங்காரும், சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த ஆர்.சிதம்பரமும் உண்டு. இருவரும் பின்னர் அணுசக்திக் கமிஷன் தலைவர் ஆனார்கள். சைரஸ் உலை 2010-ம் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதி நிரந்தரமாக மூடப்பட்டது.

இங்கிருந்து கல்பாக்கத்துக்கு

நாமெல்லாம் பிழைப்பைத் தேடித் தமிழ்நாட்டில் இருந்து இங்கே வந்தோம். டிராம்பே புளூட்டோனியம் எதிர்த் திசையில் போயிற்று. கல்பாக்கத்தில் உள்ள சோதனை அதிவேக ஈனுலை 1985-ம் ஆண்டு அக்டோபரில் இயங்கத் தொடங்கியபோது, அதில் இருந்தது டிராம்பேயில் தயாரித்த எரிபொருள். புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு அது.

எரிக்கிற புளூட்டோனியத்துக்குப் பதில் புதிய புளூட்டோனியத்தை உண்டாக்கிக்கொள்ள முடியும் என்பதே ஈனுலையின் சிறப்பு. பல்லாயிரம் ஆண்டு காவல் காக்க வேண்டிய பொருளைப் புதைத்து வைப்பதைவிட, எரித்து மின்சாரம் ஆக்குவது மேல் என்பது நம் நாட்டின் கணக்கு.

பனியில் தொலைந்த 238

புளூட்டோனியம் 238 குண்டுக்கு உதவாது. ஆனால் அது ஓயாமல் சூடு கொடுக்கும். அந்தச் சூட்டை மின்சாரமாக்கலாம். 1977-ம் ஆண்டு புறப்பட்ட வாயேஜர் விண்கலங்களுக்கு அதுதான் அடுப்பு.

சீனாவின் அணு சோதனைகளை வேவு பார்க்க, அமெரிக்க உளவுத்துறையும் இந்திய உளவுத்துறையும் சேர்ந்து 1965-ம் ஆண்டு இமயத்தின் நந்தாதேவி சிகரத்துக்கு இந்த அடுப்பு ஒன்றைத் தூக்கிச் சென்றன. வானிலை மோசமானதால் அதை மலைச்சரிவில் கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள். மறு ஆண்டு போய்ப் பார்த்தால் காணோம். 1978-ம் ஆண்டு பிரதமர் மொரார்ஜி தேசாய் இதைப் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பொருள் இன்றுவரை அகப்படவில்லை. அரை ஆயுள் கணக்குப்படி, அதில் பாதிக்கு மேல் இன்னும் மிச்சம் இருக்கும்.

தொட்டால் அல்ல, மூச்சில் போனால்

புளூட்டோனியம் வீசும் ஆல்பா கதிரை ஒரு தாள் தடுத்துவிடும். நம் தோலே தடுத்துவிடும். ஆனால் அதன் தூசி மூச்சோடு உள்ளே போனால் கதை வேறு. நுரையீரலிலும் எலும்பிலும் ஈரலிலும் தங்கி, ஆண்டுக்கணக்கில் கதிரை வீசிப் புற்றுநோய்க்கு வழி செய்யும். அதனால்தான் மூடிய கண்ணாடிப் பெட்டியில், பொருத்திய ரப்பர் கையுறைக்குள் கையை விட்டு வேலை செய்கிறார்கள். பெட்டிக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும். ஓட்டை விழுந்தாலும் காற்று உள்ளேதான் போகும்; தூசி வெளியே வராது.

கதிர்வீச்சு வேலை செய்கிறவர்களுக்கு 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட் என்பது நம் நாட்டு வரம்பு. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. பொதுமக்களுக்கு 1 மட்டுமே.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். சட்டையில் குத்தும் பேட்ஜ் வெளியில் இருந்து வரும் கதிரைத்தான் கணக்கிடும். மூச்சில் போன தூசி அதில் தெரியாது. அதற்குச் சிறுநீர்ப் பரிசோதனையும், உடலைக் கருவியால் அளக்கும் சோதனையும் வேண்டும். கதிர்வீச்சு உள்ள எந்த இடத்திலும் ஒப்பந்தக் கூலியாக நுழைகிற தமிழ்த் தொழிலாளி, "பேட்ஜ் எங்கே, என் கணக்கு எவ்வளவு, பரிசோதனை உண்டா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். படிக்காதவர்களுக்காக நாம் கேட்டுச் சொல்ல வேண்டும்.

தாராவிக்கு வரக்கூடிய வாரிசு

புளூட்டோனியம் 241 கிடங்கில் போட்டுவைத்தால் குணம் மாறும் சரக்கு. 14 ஆண்டில் பாதி இருப்பு அமெரிசியம் 241 ஆகிவிடும். இதுவும் மனிதன் உண்டாக்கிய தனிமம்தான். எண் 95. அரை ஆயுள் 432 ஆண்டு.

புளூட்டோனியத்தை நாம் கண்ணால் பார்க்கப் போவதில்லை. ஆனால் இந்த வாரிசு நம் கைக்கு வரலாம். அலுவலகக் கூரைகளில் வட்டமாக மாட்டியிருக்கும் புகை காட்டும் கருவிகளில் ஒரு வகைக்குள் மிகச் சிறிதளவு அமெரிசியம் வைத்திருக்கிறார்கள். கருவி முழுசாக இருக்கும்வரை பயமில்லை. ஆனால் கட்டடம் இடிக்கும்போது அது பழைய சாமானோடு சாமானாகப் போகக்கூடும். காயலாங்கடையில் அதை உடைப்பதும், சுத்தியால் தட்டுவதும், பிளாஸ்டிக்குக்காகவோ செம்புக்காகவோ எரிப்பதும்தான் தவறு.

மஞ்சள் வில்லையில் மூன்று இதழ் விசிறி போன்ற அடையாளத்தைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். தனியாக ஒதுக்கி வைத்துப் போலீசுக்குச் சொல்லுங்கள். இவற்றைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைமை அலுவலகம் வேறு ஊரில் இல்லை. நம் அணுசக்தி நகரிலேயே இருக்கிறது.