பசறை என்னும் கோப்பும் சி நூலகமும்

சி மொழியில் எழுதப்படும் நிரலுக்காகக் கோப்பைத் திறத்தல், நினைவகம் ஒதுக்குதல் முதலிய அடிப்படை வேலைகளைச் செய்துதரும் ஆயத்தத் தொகுப்பே இயக்கநேர நூலகம் எனப்படுகிறது. தமிழில் கணினியைக் கையாள்வோருக்கு இந்நூலகத் தேர்வு மிக முக்கியமானது. பதுளை மாவட்டத்துப் 'பசறை' என்னும் பெயர், யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 12 பைட்டுகளாக அமைய, விண்டோஸின் பழைய எம்எஸ்விசிஆர்டி நூலகம் அம்முறையை ஏற்காததால், அப்பெயரிட்ட தேயிலைக் கொழுந்துக் கணக்குக் கோப்பை நிரலின் வழக்கமான திறப்புக் கட்டளையால் கண்டுபிடிக்க முடிவதில்லை. 2015இல் வந்த யூசிஆர்டி நூலகம், விண்டோஸ் 10இன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 முறையை ஏற்கிறது. எனினும் விண்டோஸ் 7 உடன் அது இயல்பாக வராமையால், பழைய கணினிகளுக்கு நிரலோடு நூலகத்தையும் சேர்த்தே வழங்குதல் நலம். லினக்ஸுக்கான மசல் நூலகமோ (2011) நிரலுக்குள்ளேயே பொதிக்கப்பட்டு ஒரே கோப்பாக அமையவும் இடந்தருகிறது.