ஃபியூஸைக் கழற்றினால் உண்மை தெரியும்!

நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது ஒரு பழைய எஸ்யூவி. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டாக்கோமீட்டர் முள் 2,000-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இருப்பதோ 2,700-இல். எஞ்சின் ஓயாமல் இரைகிறது, பெட்ரோல் மளமளவென்று இறங்குகிறது. மற்றபடி வண்டியில் ஒரு குறையும் இல்லை. கடைசி கியர் மட்டும் விழ மறுக்கிறது.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இப்படி நேர்ந்தால் பெரும்பாலும் காதில் விழும் தீர்ப்பு, "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கிப் பிரிக்கணும்" என்பதுதான். வண்டியின் விலைக்கே சவால் விடும் செலவு அது. தலையாட்டுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். பழுது கியர்பாக்ஸின் உடம்பிலா, அதற்குக் கட்டளையிடும் மூளையிலா?

இதைப் புரிந்துகொள்ள ஜீப் செரோக்கி நல்ல உதாரணம். 'எக்ஸ்ஜே' என்று அழைக்கப்படும் இந்த எஸ்யூவி 1984 மாடலாக அறிமுகமாகி, 2001 வரை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டொலீடோ நகரில் தயாரானது. 1987 மாடலிலிருந்து அதன் 4 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினோடு ஜப்பானின் ஐசின் வார்னர் நிறுவனம் செய்த 'ஏடபிள்யூ4' என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி சேர்ந்தது. இவற்றில் பல வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மூன்று சுற்றுக்கு நான்கு சுற்று

மூன்றாம் கியரில் எஞ்சின் பக்கம் ஒரு சுற்று சுற்றினால், கியர்பாக்ஸுக்கு வெளியே வரும் தண்டும் ஒரு சுற்றுதான் சுற்றும். நான்காம் கியரான ஓவர்டிரைவில் விகிதம் 0.75. அதாவது உள்ளே மூன்று சுற்று, வெளியே நான்கு சுற்று. அதே வேகத்தில் வண்டி போக எஞ்சின் கால் பங்கு குறைவாகச் சுற்றினால் போதும். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, 1975-இல் அமெரிக்கா கார்களின் மைலேஜுக்குச் சட்டம் போட்ட பிறகு, இந்தக் கால் பங்குக்கு மதிப்புக் கூடியது.

இந்த வித்தையைச் செய்வது கோள் பற்சக்கரத் தொகுதி. நடுவில் சூரியன்போல் ஒரு பற்சக்கரம். அதைச் சுற்றிக் கோள்கள்போல் சிறு சக்கரங்கள். அவற்றை வளைத்து, உட்புறம் பற்கள் கொண்ட வளையம். சிறு சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை எஞ்சின் சுழற்றுகிறது. சூரியச் சக்கரம் நகராதபடி ஒரு பிரேக் இறுகப் பிடித்துக்கொண்டால், சிறு சக்கரங்கள் அதன்மேல் உருண்டபடி வெளி வளையத்தை இன்னும் வேகமாகத் தள்ளும். அந்த வளையத்தின் சுழற்சிதான் ஓவர்டிரைவ். சூரியனைப் பிடிக்கும் பிரேக்கை இயக்குவது அழுத்தத்தில் பாயும் எண்ணெய். எண்ணெய் எந்த வழியில் பாய வேண்டும் என்று தீர்மானிப்பவை சொலினாய்டுகள் என்னும் மின்காந்த வால்வுகள்.

கியர் மாற்ற இந்தப் பெட்டிக்கு இரண்டே சொலினாய்டுகள் போதும். முதலாவதற்கு மட்டும் மின்சாரம் வந்தால் முதல் கியர். இரண்டுக்கும் வந்தால் இரண்டாம் கியர். இரண்டாவதற்கு மட்டும் வந்தால் மூன்றாம் கியர். இரண்டுக்கும் வராவிட்டால் நான்காம் கியர். ஆக, ஓவர்டிரைவுக்குக் கியர் மாற்றும் சொலினாய்டுகளுக்கு மின்சாரமே வேண்டாம்! இனி நாம் செய்யப்போகும் சோதனைக்கு அடிப்படையே இதுதான்.

முதலில் முள்ளை எண்ணுங்கள்

சோதனைக்கு முன்னால் ஒரு குழப்பம் தீர வேண்டும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைப் போட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். எண்ணெய் வழியாகப் போகும் சுழற்சியில் கொஞ்சம் நழுவல் இருக்கும். வண்டி சீரான வேகத்துக்கு வந்ததும் உள்ளே ஒரு கிளட்ச் பிடித்து அந்த நழுவலை நிறுத்திவிடும். இதன் பெயர் லாக்கப். இதற்கென்று தனியாக மூன்றாவது சொலினாய்டு உண்டு.

எனவே நல்ல வண்டியில் நிதானமாக வேகம் எடுத்தால் டாக்கோமீட்டர் முள் நான்கு முறை இறங்கும். மூன்று இறக்கங்கள் கியர் மாற்றத்துக்கு, ஒன்று லாக்கப்புக்கு. லாக்கப் வேலை செய்யாததை ஓவர்டிரைவ் பழுது என்று நினைத்து ஏமாறுவோர் உண்டு. பிரித்தறிவது எளிது. சீரான வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை அசைக்காமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக் பெடலை மெல்லத் தொட வேண்டும். லாக்கப் இருந்தால் அது விடுபட்டு முள் சில நூறு ஏறும். ஏறாவிட்டால் லாக்கப் விழவே இல்லை. பிரேக் பெடலில் உள்ள சுவிட்ச் பழுதாகி, கால் எப்போதும் பிரேக்கில் இருப்பதாகவே தகவல் போய்க்கொண்டிருந்தாலும் லாக்கப் விழாது.

மூளையைத் துண்டித்துப் பார்ப்போம்

முள் மூன்றாம் கியரோடு நின்றுவிடுகிறது என்பது உறுதியாகிவிட்டதா? இனி ஃபியூஸ் சோதனை. எஞ்சினை நிறுத்திவிட்டு, கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கணினிக்குப் போகும் ஃபியூஸைக் கழற்ற வேண்டும். இப்போது கியர்பாக்ஸுக்கு மூளை கிடையாது. இருப்பவை எண்ணெய், வால்வுகள், கிளட்சுகள், கையிலுள்ள லிவர் மட்டுமே.

ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில், அனுபவமுள்ள ஒருவர் ஓட்ட வேண்டும். லிவரை '1-2' என்ற இடத்தில் வைத்துக் கிளம்பினால் முதல் கியர். 40 கிலோமீட்டர் வாக்கில் '3'-க்குத் தள்ளினால் மூன்றாம் கியர். 70-ஐ நெருங்கியதும் 'டி'-க்குத் தள்ளினால் ஓவர்டிரைவ் விழ வேண்டும். ஆக்சிலரேட்டரை மாற்றாமலே முள் கிட்டத்தட்ட கால் பங்கு சரியும். அது சரிந்தால் மூச்சை நிம்மதியாக விடலாம். சூரியச் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் நலம், எண்ணெய் அழுத்தம் நலம். கியர்பாக்ஸை இறக்க வேண்டிய அவசியமே இல்லை, மின்சாரப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கே முதல் சந்தேகம், லிவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் சுவிட்ச்மீது. கியர்பாக்ஸின் பக்கவாட்டில், சேறும் தண்ணீரும் தெறிக்கும் இடத்தில் அது இருக்கிறது. உள்ளே ஈரம் புகுந்தால் செம்பு முனைகளில் களிம்பு ஏறிவிடும். லிவர் 'டி'-யில் இருந்தும் கணினிக்குத் தப்பான சேதி போகும். ரிவர்ஸ் விளக்கு எரிவதும், 'பார்க்'கில் எஞ்சின் கிளம்புவதும் இதே சுவிட்சைப் பொறுத்தவை. அவற்றிலும் தகராறு என்றால் துப்புக் கிடைத்துவிட்டது. சுவிட்சைப் பிரித்து, நைசான உப்புத்தாளால் களிம்பைத் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினாலே சரியாகிவிடும் வண்டிகள் பல.

அடுத்தது, ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது என்று சொல்லும் த்ராட்டில் சென்சார். அதிகம் உரசும் இடத்தில் அது தேய்ந்துபோனால் சேதி விட்டுவிட்டு வரும். ஓட்டுநர் அழுத்தி மிதித்ததாகக் கணினி நினைத்துக்கொண்டு ஓவர்டிரைவை விட்டுவிடும். த்ராட்டிலை மெதுவாகத் திறக்கும்போது மின்னழுத்தம் இடையில் துடிக்காமல், தடையின்றி ஏற வேண்டும். எண்கள் ஓடும் மீட்டரைவிடப் பழைய முள் மீட்டரில் இந்தத் துடிப்பு தெளிவாகத் தெரியும்.

பிறகு சொலினாய்டுகள். ஒவ்வொன்றின் மின்தடையும் 11 முதல் 15 ஓம் வரை இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் 13 ஓம் என்றால் ஓடும் மின்னோட்டம் சுமார் 0.9 ஆம்பியர். மீட்டரில் தடை எல்லையற்றதாகக் காட்டினால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்தை நெருங்கினால் ஷார்ட்.

முள் சரியவில்லை என்றால்?

ஃபியூஸைக் கழற்றியும் 'டி'-யில் ஓவர்டிரைவ் விழவில்லை என்றால் பழுது உடம்பில்தான். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய். வண்டி சமதளத்தில் நிற்க, எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்க, லிவரை எல்லா இடங்களுக்கும் ஒருமுறை நகர்த்தி 'பார்க்'குக்குக் கொண்டுவந்த பின் அளவுகோலை இழுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் சிவப்பாகத் தெளிந்திருந்தால் நல்லது. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தகடுகள் கருகியிருக்கின்றன. த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள் தளர்ந்திருந்தாலும் எண்ணெய் அழுத்தம் குறைந்து தகடுகள் நழுவும். சொலினாய்டின் உள்ளே துகள் சிக்கி வால்வு அசையாமல் நின்றிருக்கவும் கூடும். இவையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கியர்பாக்ஸை இறக்கும் பேச்சு.

இந்தப் பெட்டியை வடிவமைத்தவர்கள் மின்சாரம் போனாலும் வண்டி நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். கணினி செத்துப்போனாலும் ஓட்டுநர் கையில் மூன்று கியர்கள் மிஞ்சும், வீடு வந்து சேர்ந்துவிடலாம். அந்த அக்கறையே பல ஆண்டுகள் கழித்து நமக்குச் சோதனைக் கருவியாகவும் உதவுகிறது. எல்லாக் கியர்பாக்ஸும் இதே முறையில் அமைந்தவை அல்ல. அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் அதற்குரிய சோதனை இருக்கும். ஆகவே "இறக்கிப் பிரிக்கணும்" என்று யார் சொன்னாலும் பணத்தை எடுத்து வைக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "மின்சாரத்தைத் துண்டித்து ஓட்டிப் பார்த்தீர்களா?"