ஷில்டன் கண்ட இரயில் திருவிழா

1825 செப்டம்பர் 27 அன்று இங்கிலாந்தின் ஷில்டன் என்னும் சிற்றூரிலிருந்து ஜார்ஜ் ஸ்டீவன்சனின் நீராவி எஞ்சின், நிலக்கரியையும் மனிதரையும் ஒருசேர இழுத்துக்கொண்டு ஸ்டாக்டனை நோக்கிப் புறப்பட்டது. அதன் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1975 ஆகஸ்ட் 31 அன்று அதே ஊரில் எஞ்சின்கள் அணிவகுத்துச் சென்றன. பெருங்கூட்டம் திரண்டு நின்று கண்டு களித்தது. முன்னே சென்றது, அந்த எஞ்சினைப் போலவே புதிதாகச் செய்யப்பட்ட ஒன்று. இறுதியில் வந்தது அதிவேக டீசல் இரயில். இடையே வந்தவையோ கரியை உண்டு புகையைக் கக்கிய நீராவி எஞ்சின்கள். பிரிட்டிஷ் இரயில்வே அவற்றைத் தன் முக்கியப் பாதைகளிலிருந்து 1968இலேயே விலக்கிவிட்டிருந்தது.

ஊர் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறிட்டது அங்கிருந்த சரக்குப் பெட்டிப் பட்டறை. விழா முடிந்து ஒன்பதே ஆண்டுகளில், 1984இல், அதுவும் மூடப்பட்டது. எஞ்சின்களுக்கு எடுத்த விழாவை அவற்றைச் செய்த கைகளுக்கு யார் எடுத்தார்? 2004இல் அவ்வூரில் இரயில் அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது.