பாஸ்வேர்டைக் கொடுத்தவருக்கும் உரிமை உண்டு

2007 செப்டம்பரில், அபுதாபியில் வேலை பார்த்துவந்த ஒரு தமிழருக்கு ஐசிஐசிஐ வங்கியின் பெயரில் ஒரு மெயில் வந்தது. இணையவங்கிப் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் அனுப்பாவிட்டால் கணக்கே இல்லாமல் போகும் என்றது. வழக்கமான கடிதம் என்று நினைத்து அனுப்பிவிட்டார். தூத்துக்குடிக் கிளையிலிருந்த அவர் கணக்கிலிருந்து 6.46 லட்சம் ரூபாய் போனது. அதில் 4.6 லட்சத்தை வேறொரு நிறுவனம் மும்பையில், அதே வங்கியின் கிளையில் எடுத்துக்கொண்டது.

இங்கே மும்பை முலுண்டில் யாரிடம் இதைச் சொன்னாலும் "அவரேதானே கொடுத்தார், பேங்க் என்ன செய்யும்?" என்பார்கள். வங்கியும் அப்படித்தான் வாதிட்டது. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் வழக்கை விசாரித்த தமிழக ஐ.டி. துறைச் செயலாளர், 2010 ஏப்ரலில், பாதுகாப்பில் வங்கி கோட்டைவிட்டது என்று சொல்லி 12.85 லட்சம் தர உத்தரவிட்டார். மேல்முறையீட்டிலும், 2019-ல், வங்கி தோற்றது. இத்தனை ஆண்டு இழுத்தடிப்பை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஏமாந்தவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை என்பதை அந்த வழக்கு நிலைநாட்டியது.

இன்றைய மெயில்கள் அவ்வளவு அப்பட்டமாக இருப்பதில்லை. வெளிநாட்டு வேலைகளை வீட்டிலிருந்தே செய்து பேபாலில் பணம் வாங்குகிறவர்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள். "உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, இங்கே அழுத்துங்கள்" என்று வந்தால் முதலில் விளிப்பைப் பாருங்கள். பேபால் உங்கள் முழுப்பெயரையோ நிறுவனப் பெயரையோ சொல்லித்தான் எழுதும். "அன்புள்ள வாடிக்கையாளரே" என்றால் சந்தேகப்படுங்கள். 2021 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவுக்குள்ளேயே நடக்கும் பரிமாற்றத்தை பேபால் செய்வதில்லை. ஆகவே பாண்டுப் கடை ஒன்றுக்கு நீங்கள் பேபாலில் பணம் கட்டியதாக மெயில் வந்தால் அது பொய்.

இன்னொரு தந்திரம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. மோசடிக்காரர் பேபாலிலேயே கணக்கு தொடங்கி உங்களுக்கு ஒரு பில் அனுப்புவார். மெயில் உண்மையிலேயே பேபாலிலிருந்துதான் வரும். முகவரியில் குற்றம் காண முடியாது. "இது உங்கள் செலவு இல்லையென்றால் அழையுங்கள்" என்று உள்ளே எழுதியிருக்கும் போன் நம்பர்தான் அவருடையது. அழைத்தீர்களோ, மாட்டினீர்கள். எந்த மெயிலானாலும் அதிலுள்ள லிங்க்கையும் நம்பரையும் விட்டுவிட்டு, ஆப்பைத் தனியாகத் திறந்து பாருங்கள்.

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகளின் இணைய முகவரிகள் 'பேங்க்.இன்' என்று முடியுமாறு மாறவேண்டும் என்று உத்தரவிட்டது. முடிவதுதான் முக்கியம். 'பேங்க்.இன்' நடுவில் வந்து அதற்குப் பின்னால் வேறு பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் போலி.

சரி, அழுத்திவிட்டீர்கள், பணமும் போய்விட்டது. வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் பெரிய நஷ்டம். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள், பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. கூடவே வங்கிக்கும் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, தவறு உங்களுடையதும் இல்லை வங்கியுடையதும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் ஏதுமில்லை. பாஸ்வேர்டையோ ஓடிபியையோ நீங்களே கொடுத்திருந்தால், புகார் சொல்லும்வரை போன பணம் உங்கள் நஷ்டம். அதற்குப் பிறகு போவது வங்கியின் நஷ்டம். தவறு உங்களுடையதுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே.

வங்கி கைவிரித்தாலோ முப்பது நாளாகியும் பதில் தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனிடம் இலவசமாக முறையிடலாம். தூத்துக்குடிக் கணக்குக்காரர் போன பாதையும் திறந்தே இருக்கிறது: 5 கோடி வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை மாநில ஐ.டி. செயலாளர் விசாரிக்கலாம், மகாராஷ்டிரத்தில் இருக்கும் நமக்கு அது தலைமைச் செயலகமான மந்திராலயா. போலீஸில் "இது எங்கள் எல்லை இல்லை" என்று அலையவிட முடியாது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். அந்த மெயிலை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அது எங்கிருந்து கிளம்பியது என்ற விவரம் மூல மெயிலில்தான் இருக்கிறது.