குட்டி யானைக்கு கூடுதல் பட்டை போடுறீங்களா? டயர் உரசும்... பிரேக்கும் குறையும்!

சென்னை,

அதிகாலையில் கோயம்பேடு மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு காலியாக திரும்பும் மினி லாரிகளை கவனித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். சில வண்டிகள் பின்பக்கத்தை நன்றாக தூக்கிக்கொண்டு, மூக்கு தரையில் குத்துவது போல ஓடும். பின்னாடி வருகிறவர் கண்ணுக்கு வண்டியின் அடிவயிறே தெரியும். எல்லாம் கூடுதல் ஸ்பிரிங் பட்டை செய்த வேலை.

"லோடு ஏத்துனா வண்டி உட்காருது. ரெண்டு பட்டை சேர்த்து போட்டா லெவலா நிக்கும்ணே" என்பது லோடு வண்டி ஸ்டாண்டுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பட்டை போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அத்தோடு விஷயம் முடிவதில்லை. டயர், பிரேக், ஸ்டியரிங், ஆர்.சி. புக் என்று நாலு பக்கமும் வேலை வைக்கும்.

காலியாக இருந்தால் தூக்கல் ஏன்?

புது வண்டி ஷோரூமில் இருந்து வரும்போதே பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். அது கம்பெனிக்காரன் தப்பு இல்லை. ஆர்.சி.யில் போட்டிருக்கும் எடையை ஏற்றினால் பின்பக்கம் இறங்கி, வண்டி ஏறக்குறைய சமமாக நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படி செய்கிறார்கள். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதன் லோடு கணக்கு 750 கிலோ. ஓசூரில் தயாராகி 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்துக்கு 1¼ டன். இந்த எடையை ஏற்றி வண்டி சமமாக நின்றால் பட்டை நல்லா இருக்கிறது என்று அர்த்தம்.

அதே எடைக்கே பின்பக்கம் படுத்துவிட்டால்? பட்டை தளர்ந்திருக்கும், ஒரு பட்டை உடைந்திருக்கும், அல்லது புஷ் தேய்ந்திருக்கும். அதற்கு மருந்து, அதே அளவில் புது பட்டை மாற்றுவது. கூடுதல் பட்டை அல்ல. எடையே டபுளாக ஏற்றித்தான் வண்டி படுக்கிறது என்றால் அது பட்டையின் குற்றமே இல்லை.

லோடு கணக்கு பார்ப்பது சுலபம். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையில் இருந்து காலி எடையை கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய அளவு. பின்னால் வைத்த கூண்டு, கம்பி சட்டம், தார்ப்பாய், கூட வரும் லோடுமேன் எல்லாமே அந்த கணக்குக்குள்தான். இதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்.

2 எம்.எம்.மில் இருக்கு விஷயம்

புதுப்பேட்டையில் பழைய பட்டை கிடைக்கும். நீளமும் அகலமும் ஒத்துப்போனால் போதும் என்று வாங்கி வருவார்கள். கனத்தை பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் பட்டையின் விறைப்பை முடிவு பண்ணுவது முக்கியமாக கனம்தான். ஒரே நீளம், ஒரே அகலம் உள்ள 8 எம்.எம். பட்டையையும் 10 எம்.எம். பட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 10 எம்.எம். பட்டை ஏறக்குறைய 2 மடங்கு விறைப்பானது. அதாவது "ஒரு பட்டைதானே" என்று போட்டது, உண்மையில் ரெண்டு பட்டை போட்ட கணக்காகிவிடும்.

சில வண்டிகளில் 'பாராபோலிக்' என்ற வகை பட்டை வரும். ஏஸ் வண்டியின் முன்பக்கம் அப்படித்தான். நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். பட்டைகள் நடுவிலும் நுனியிலும் மட்டும்தான் ஒட்டும், இடையில் சந்து இருக்கும். இதற்குள் சாதாரண பட்டையை சொருகினால் ஒன்றோடு ஒன்று தேய்ந்து, தேய்ந்த இடத்தில் விரிசல் விடும்.

பட்டறையில் உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றுவதும் உண்டு. காய்ச்சிய பிறகு எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி பதமாக சூடுபடுத்தினால்தான் இரும்புக்கு பழைய பதம் வரும். அந்த வேலையை சரியாக செய்யாவிட்டால் சில நாளில் மறுபடி படுத்துவிடும். இல்லாவிட்டால் குழியில் இறங்கும்போது 'டப்' என்று ஒடியும்.

டயர் எங்கே உரசும்?

வண்டி உயரம் ஆனதும் அடுத்த ஆசை பெரிய டயர். "இடம்தான் இருக்கே" என்று தோன்றும். ஏஸ் வண்டிக்கு வரும் 145 ஆர் 12 டயரின் மொத்த உயரம் சுமார் 54 செ.மீ. அதற்கு பதில் 155 அகலத்தில் போட்டால் சுமார் 56 செ.மீ. ஆகும். மேல்பக்கம் 8 எம்.எம். இடம் போச்சு. பக்கவாட்டில் உள்ளே 5, வெளியே 5 எம்.எம். போச்சு. ஸ்பீடா மீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62-ல் ஓடும்.

8 எம்.எம். பெரிசா என்று கேட்கலாம். நேராக நிற்கும் வண்டியில் பெரிசு இல்லை. முன் டயரை முழுசாக திருப்பிப் பாருங்கள். டயரின் உள்பக்க ஓரம் ஸ்பிரிங் பட்டைக்கும் பிரேக் ஆயில் ஹோசுக்கும் பக்கத்தில் போய் நிற்கும். அந்த ஹோஸ் ரப்பர்தான். தினமும் யூ டர்ன் அடிக்கும்போது டயர் அதை தொட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் ஓட்டை விழும். பிரேக் ஆயில் ஒழுகும். ஸ்டியரிங் திரும்பும் அளவை கட்டுப்படுத்தும் ஸ்டாப்பர் போல்ட்டை 'இன்னும் நல்லா ஒடியட்டும்' என்று உள்ளே முடுக்கி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

பின் டயரில் ஆபத்து மேலே இருக்கிறது. லோடு ஏற்றி பள்ளத்தில் இறங்கும்போது ஆக்சில் மேலே ஏறும். அது எவ்வளவு தூரம் ஏறலாம் என்பதை சேசிஸில் இருக்கும் பம்ப் ரப்பர் தடுத்து நிறுத்தும். இங்கே ஒரு எளிய கணக்கு உண்டு. பம்ப் ரப்பருக்கும் அது மோதும் இடத்துக்கும் நடுவே உள்ள சந்தை அளக்கவும். டயருக்கும் மேலே உள்ள மட்கார்டு அல்லது பாடி கட்டைக்கும் உள்ள சந்தை அளக்கவும். ரெண்டாவது சந்து பெரிசாக இருக்க வேண்டும். சின்னதாக இருந்தால், ரப்பர் தடுப்பதற்கு முன்பே டயர் பாடியில் இடிக்கும். பம்ப் ரப்பர் தேய்ந்து விழுந்துபோன வண்டிகளில் இதுதான் நடக்கிறது. ரப்பர் கருகும் வாசனை வந்தால் டிரைவர் முதலில் கிளட்ச்சை சந்தேகப்படுவார். குனிந்து டயரின் மேல்பக்கத்தையும் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

வாங்கும் முன் சோதிக்க ஒரு வழி. டயர் ஓரத்தில் சாக்பீஸை நன்றாக தேய்த்துவிட்டு, முழு லோடுடன் ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசாக ஒடித்து மெதுவாக வட்டமடிக்க வேண்டும். ஒரு பக்க சக்கரத்தை மட்டும் கட்டை மேல் ஏற்றியும் பார்க்க வேண்டும். சாக்பீஸ் எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது.

பிரேக் ஏமாறும் கதை

இதுதான் பலருக்கு தெரியாத சங்கதி. நிறைய லோடு வண்டிகளில் பின்பக்கம் சேசிஸில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி பின் ஆக்சிலுக்கு போகும். மெக்கானிக்குகள் எல்.எஸ்.பி.வி. என்பார்கள். லோடு ஏறி பாடி கீழே இறங்கினால் அந்த கம்பி வால்வை தள்ளும். "ஓகோ, எடை இருக்கு" என்று பின் சக்கரத்துக்கு பிரேக் ஆயில் அழுத்தத்தை அதிகமாக விடும். வண்டி காலியாக இருந்தால் குறைத்துவிடும். இல்லாவிட்டால் காலி வண்டியில் பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுத்திக்கொள்ளும்.

விறைப்பான பட்டை போட்டால் என்ன ஆகும்? ஒன்றரை டன் ஏற்றினாலும் பாடி இறங்காது. வால்வு பாவம், வண்டி காலி என்று நினைக்கும். பின் பிரேக்கை குறைத்துவிடும். எடை கூடிய நேரத்தில் பிரேக் குறைவு! முழு பாரமும் முன் பிரேக்கில் விழும். பாலத்து இறக்கத்தில் பிரேக் அடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடும்.

இதை தெரிந்துகொண்டு வால்வு கம்பியை தூக்கி கட்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அது அதைவிட மோசம். காலியாக திரும்பும்போது, அதுவும் மழை ஈரத்தில், பின்பக்கம் விசிறிவிடும்.

நண்டு நடை

பின்பக்கம் தூக்கினால் ஸ்டியரிங்கும் மாறும். ஏஸ் வண்டியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,100 எம்.எம். தூரம். பின்னால் 2 அங்குலம் தூக்கினால் சேசிஸ் சுமார் 1.4 டிகிரி முன்பக்கம் சாயும். முன் ஆக்சிலும் அதே அளவு சாயும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராக வருவதற்கு காரணமான 'காஸ்டர்' குறைந்துவிடும். பைபாஸில் வேகம் எடுத்தால் ஸ்டியரிங் அலையும். ஹெட்லைட் வெளிச்சம் காலடியில் விழும். ஜாயிண்ட் ஷாப்ட் கிராஸும் கோணம் மாறி சீக்கிரம் தேயும். ஷாக் அப்சார்பர் நீளம் பத்தாமல் இழுபட்டு நிற்கும்.

பட்டை கட்டை ஆக்சிலோடு பிடிக்கும் யு போல்ட்டில் கஞ்சத்தனம் கூடாது. பட்டை கூடினால் பழைய போல்ட் நீளம் பத்தாது. நட்டு நாலு மரை பிடித்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்துவிடும். அப்புறம் வண்டி நண்டு மாதிரி சாய்ந்துகொண்டே ஓடும். கழற்றிய யு போல்ட்டை மறுபடி மாட்டக்கூடாது. புதுசு போட்டாலும் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் லோடோடு ஒரு தடவை டைட் பண்ண வேண்டும்.

சொகுசு பிக்கப்புக்கும் இதே கதைதான்

2016-ல் வந்த இசுசூ வி-கிராஸ், 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி பெரிய பிக்கப் வைத்திருப்பவர்கள் வேறு ரகம். இவர்களுக்கு முன்பக்கம் தாழ்வாக இருப்பது பிடிக்காது. அமெரிக்காவில் இருந்து வந்த பழக்கம் இது. முன் சுருள் ஸ்பிரிங் கூட்டுக்கு மேலே இரும்பு வட்டு வைத்து தூக்குகிறார்கள். 1 அங்குல வட்டு வைத்தால் வண்டி 1 அங்குலம்தான் ஏறும் என்று நினைப்பது தப்பு. ஸ்பிரிங் சக்கரத்தில் நேராக உட்காரவில்லை, நடுவில் உள்ள ஆர்மில் உட்காருகிறது. அதனால் சக்கரத்தில் ஏறக்குறைய 2 அங்குலம் வித்தியாசம் வரும். பால் ஜாயிண்டும், 4 வீல் டிரைவ் வண்டியில் ஆக்சில் ஷாப்ட்டின் ரப்பர் பூட்டும் அந்த கோணத்தில் நாள் தாங்காது.

அபராதம் எவ்வளவு?

மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பில் இருந்து வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்ட திருத்தத்தில், இப்படி மாற்றினால் உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது ரெண்டும் என்று இருக்கிறது. அதிக பாரத்துக்கு ரூ.20 ஆயிரம். அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2 ஆயிரம். கூடுதல் லோடை அங்கேயே இறக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில்தான். விபத்து நடந்து சர்வேயர் வந்து பட்டையை எண்ணினால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரும்.

எப்.சி.க்கு போகும்போது பட்டையை கழற்றிவிட்டு, திரும்பி வந்து மாட்டிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம் எப்.சி. எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டும் கூலி, புது யு போல்ட், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து கணக்கு போட்டால், பட்டையால் சம்பாதித்ததில் கணிசமான பணம் பட்டறைக்கே போகும்.

டயர் மாற்றுகிறவர்கள் பக்கவாட்டில் உள்ள எடை எண்ணை பார்த்து வாங்க வேண்டும். 90 என்று இருந்தால் ஒரு டயர் 600 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோ. பழைய டயரில் இருந்த எண்ணுக்கு குறையவே கூடாது. கார் டயர் விலை குறைவு என்று அதை மாட்டினால் லோடு தாங்காமல் வெடிக்கும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய டயர் நாலு போட்டுவிட்டு ஸ்டெப்னியை பழைய அளவிலேயே விட்டால், பஞ்சர் அன்றைக்கு ஒரு பக்கம் சாய்ந்த வண்டியோடுதான் வீடு திரும்ப வேண்டியிருக்கும்.